முதலில் பேசுகிறவன் கையில் ஒன்பதும் ஆசும்

இருபத்தெட்டு ஆட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் எந்த மடையனும் ஆடிவிடுவான். மோசமான சீட்டு வந்தாலும் கஷ்டமில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். என்னைக் கவிழ்த்ததெல்லாம் நடுத்தரமான சீட்டுதான். அதுவும் முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது வரும் நடுத்தரமான சீட்டு.

பாறசாலைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் ஆடுவது. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஏழுக்குக் கீழே உள்ள சீட்டெல்லாம் ஆட்டத்தில் கிடையாது. ஜாக்கியை நாங்கள் குலான் என்போம். அவன்தான் எல்லாருக்கும் மேல், மதிப்பு மூன்று. அடுத்தது ஒன்பது, அதற்கு இரண்டு. ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பே கிடையாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆட்டம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தெட்டு வரும்.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். அதிகம் கேட்பவன் துருப்பை முடிவு செய்து கவிழ்த்து வைப்பான். பிறகு மீதி நான்கு சீட்டு வரும். நால்வரும் ஒவ்வொரு சீட்டாகப் போட, பெரிய சீட்டு போட்டவன் அந்தப் பிடியை எடுப்பான். முதல் ஆளுக்குத் தப்பிக்க வழியில்லை. குறைந்தது பதினாலு கேட்டே ஆக வேண்டும். மற்றவர்கள் ‘பாஸ்’ சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கலாம். இன்னொன்று உண்டு. இடையில் எதிரி ஏற்றிக் கேட்காதபோது, கூட்டாளி கேட்டதற்கு மேல் நீங்கள் கேட்க விரும்பினால், இருபதுக்குக் குறையாமல் கேட்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், மற்றதை மறந்துவிடலாம்.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். முதல் நான்கு சீட்டில், இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கு ஜாதிகளில் ஏதாவது ஒன்றின் ஒன்பதும் ஆசும் சேர்ந்து வருகிறது என்று வையுங்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அந்த ஜாதியின் குலான் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. கூட்டாளியிடம் இருந்தால் நீங்கள் ராஜா. எதிரியிடம் இருந்தால், உங்கள் ஒன்பது அவனுக்கு வைத்த பலகாரம். கடைசியாகப் பேசுகிறவனுக்குக் கவலையில்லை, மூன்று பேர் பேசியதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். முதல் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் பதினாலு என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பான். நான் பதினேழு கேட்பேன், பதினெட்டு கேட்பேன். எல்லாரும் பயந்து ஒதுங்கட்டும் என்று நினைப்பு. பயப்பட வேண்டியவன் பயந்து ஒதுங்குவான், உண்மைதான். குலானை வைத்திருப்பவன் ஏன் பயப்படப் போகிறான்? அவன் சிரித்துக்கொண்டே பாஸ் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருப்பான்.

அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் எரிந்து கருகி என்னிடம் வரும். செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று பொறுமையாகச் சுற்றுவேன். கடையை விட்டு இறங்கினால் அந்தப் பொறுமை என்னோடு வராது. ஆறவிடாமல் கிழங்கைத் தின்று நாக்கைப் பொசுக்கிக்கொள்வேன். பஸ் நிற்பதற்கு முன்னால் குதிப்பேன். கல்யாணமும் அப்படித்தான் செய்தேன்.

அவள் வீடு அதியன்னூரில். அப்பா இல்லை, அம்மாவும் ஒரு அண்ணனும்தான். அண்ணன் நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடை போகும் பஸ்ஸில் கண்டக்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். சட்டமென்றால் சட்டம் என்று இருக்கிற மனிதர். பெற்ற தாய் ஏறினாலும் தன் கைக்காசைப் போட்டு டிக்கெட் கிழித்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டுத்தான் விசிலடிப்பார் என்று அந்தத் தடத்தில் பேச்சு உண்டு. நான் பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் நேரே போய்ப் பெண் கேட்டேன். என் கையில் இருந்தது ஒரு வாடகைக் கடை, ஒரு ஓட்டு வீடு, கெட்ட பழக்கம் இல்லை என்ற பெயர். ஒன்பதும் ஆசும் என்று சொல்லலாம், குலான் கிடையாது. அவர் மறுக்கவில்லை. “சித்திர வரைக்கும் பொறுங்க, நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்யணும்” என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். பதினைந்தாவது நாள், இரண்டு நண்பர்களை மட்டும் வைத்து ஒரு சின்னக் கோவிலில் தாலி கட்டிவிட்டேன். அவளும் அழுதுகொண்டே சம்மதித்தாள்.

பந்தல்காரனிடமும் சமையல்காரனிடமும் அவர் ஏற்கனவே பேசி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கும் குணம் எனக்கு இல்லை. அவரும் வரவில்லை. பதினாலு மாதம் இப்படியே போயிற்று. ஒரு தடவை என் மனைவி தெரியாமல் அவருடைய பஸ்ஸில் ஏறிவிட்டாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம், முகத்தைப் பார்க்கவில்லையாம். அன்று வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல், புடவை கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் ஓணத்தின்போது அவளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஏழாவது மாதத்தில் பெண்வீட்டார் பலகாரப் பெட்டிகளோடு வந்து பெண்ணைப் பார்ப்பார்கள். வயிறு காணல் என்று பெயர். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் முன்னால் நடந்து வர வேண்டும். அவர் வராவிட்டால் அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எப்போது வயிறு காணல் என்று தினமும் அவளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு உள்ளே வருவாள்.

திருவோணத்துக்கு மறுநாள் எங்கள் கிளப்பில் இருபத்தெட்டு போட்டி நடக்கும். அவள் அண்ணன் இந்த ஆட்டத்தில் பேர்பெற்றவர், எந்தப் போட்டியையும் விடமாட்டார். காலையில் நான் சட்டை போடும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

“அண்ணன் வந்திருந்தா வழக்குப் பேசாண்டாம். வயறு காண வருவாரான்னு ஒரு வார்த்த மட்டும் கேளுங்க.”

“நானா கேக்கணும்?”

“அவசரப்பட்டது நீங்கதானே?”

சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, ஒரு கேரம் பலகை, முன்னால் ஓணத்துக்காகப் போட்ட ஓலைப்பந்தல். பரிசு ஒரு ஏத்தன் வாழைக்குலை. அது பந்தல் கம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் யாரும் குலைக்காக ஆட வருவதில்லை. எல்லாருக்கும் பயம் குணுக்கைப் பற்றித்தான்.

குணுக்கு என்றால் காதில் போடுகிற தொங்கட்டான். இருபத்தெட்டில் தோற்றவன் காதில் எதையாவது மாட்டிவிடுவது எங்கள் நாட்டில் எங்கும் உள்ள வழக்கம். சில இடங்களில் பிலாவிலை, சில இடங்களில் துணிக்கு மாட்டும் கிளிப். எங்கள் கிளப்பில் தென்னங்குரும்பையை ஈர்க்கில் கோர்த்து, வாழைநாரால் காதைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அடுத்த ஜோடி தோற்கும்வரை அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் தோற்றதும் குணுக்கு அவர்கள் காதுக்குப் போகும். கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்குத்தான் கஷ்டம், கொடுக்க ஆள் கிடையாது. அவர்கள் குணுக்கோடே வீட்டுக்குப் போக வேண்டும். தன் கையால் அவிழ்க்கக் கூடாது, வீட்டுப் பெண்தான் அவிழ்க்க வேண்டும். முந்தின வருஷம் தோற்ற ஒரு ஆசாரியின் மனைவி பிறந்தவீட்டுக்குப் போயிருந்தாள். அந்த மனிதர் மறுநாள் மத்தியானம் அவள் வரும்வரை குரும்பை ஆட ஆட மரம் இழைத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இரண்டாவது இடம் வருவதைவிட முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போவது மேல் என்று நினைக்க வைத்த ஒரே போட்டி இதுவாகத்தான் இருக்கும்.

பழகிய கூட்டாளிகள் மூக்கைச் சொறிந்து, மீசையைத் தடவி, ஜாடை காட்டி ஆடுகிறார்கள் என்று முந்தின வருஷம் பெரிய சண்டை வந்திருந்தது. அதனால் இந்தத் தடவை ஜோடியைக் குலுக்கிப் போட்டு எடுப்பது என்று முடிவாகியிருந்தது. பதினாறு பேர், எட்டு ஜோடி. கிளப் செயலாளர் ஒரு ரேஷன் கடைக்காரர். அவர் பிஸ்கட் டப்பாவிலிருந்து துண்டுக் காகிதங்களை எடுத்து வாசித்தார். என் பெயரை வாசித்தார். அடுத்த காகிதத்தை எடுத்தவர் வாசிக்காமல் சிரித்தார்.

“ரெண்டு அளியன்மாரும் ஒரே சைடாக்கும்!”

மைத்துனனை எங்கள் பக்கத்தில் அளியன் என்போம். பந்தல் முழுக்கச் சிரித்தது. எங்கள் கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அவள் அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் நானும் அவமானத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். குலுக்கலில் வந்தது வந்ததுதான் என்பது அவர் கணக்கு.

முதல் இரண்டு ஆட்டத்தையும் நாங்கள் ஜெயித்தோம். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. குலான்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் பக்கம் வந்தார்கள். எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் பதினாறு என்றால் நான் பாஸ் என்பேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு எங்களுக்கு இடையே நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். தேநீர் வந்தபோது என் பக்கம் ஒரு கிளாசை நகர்த்தி வைத்தார், என்னைப் பார்க்காமல். வயிறு காணலைப் பற்றிக் கேட்க அதுதான் சமயம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன், தேநீர் குடித்தேன், மூடிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி ஆட்டம். எதிரே கோட்டுகாலிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும். கடல்தொழில் செய்பவர்கள். குலுக்கலில் அண்ணனும் தம்பியுமே ஜோடியாக வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். இருவருக்கும் அவசரமே கிடையாது. அண்ணன்காரர் ஒரு சீட்டை இறக்குவதற்குள் நான் என் கையிலிருந்த சீட்டை நான்கு தடவை அடுக்கி மாற்றியிருப்பேன்.

கணக்கு வைக்க இரு பக்கத்துக்கும் ஆறு ஆறு வெற்றுச் சீட்டு கொடுப்பார்கள். கேட்ட புள்ளியை எடுத்தால் எதிரியிடமிருந்து ஒரு சீட்டு வாங்கலாம். எடுக்காவிட்டால் இரண்டு கொடுக்க வேண்டும். இருபதும் அதற்கு மேலும் கேட்டுத் தோற்றால் மூன்று போகும். கையில் சீட்டு தீர்ந்தவர்களுக்குக் குணுக்கு.

முதல் கையிலேயே நான்தான் முதல் ஆள். கிளாவரில் ஒன்பதும் ஆசும் வந்தது. பதினேழு என்றேன். எதிரிகள் இருவரும் மரியாதையாகப் பாஸ் சொன்னார்கள். குலான் தம்பியிடம் இருந்தான். இரண்டு சீட்டு போயிற்று. அடுத்து அளியன் பதினைந்து கேட்டு ஒன்றை மீட்டார். மற்ற இரண்டு கையில் ஒன்று வந்தது, ஒன்று போயிற்று. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் என் முறை வந்தது. இப்போது டைமனில் ஒன்பதும் பத்தும். போன தடவை குறைவாகக் கேட்டுவிட்டேன் என்று என் புத்தி சொன்னது. பதினெட்டு என்றேன். எதிரே அளியன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பாஸ் சொன்னார்.

கை முடிந்தபோது தெரிந்தது. அவரிடம் ஆட்டினில் குலானும் ஆசும் இருந்தன. நான் பதினாலோடு நிறுத்தியிருந்தால், எதிராளி பதினைந்து கேட்டிருப்பான், அவர் பதினாறு கேட்டு ஆட்டினைத் துருப்பாக்கியிருப்பார். நான் பதினெட்டு என்று கத்தியதால் அவருக்கு வழி அடைந்துவிட்டது. அதற்கு மேல் பேச இருபது வேண்டும், அந்தச் சீட்டுக்கு இருபது வராது. எதிரிகளைப் பயமுறுத்தப் போன நான் என் கூட்டாளியின் வாயைத்தான் மூடியிருந்தேன். இன்னும் இரண்டு சீட்டு போயிற்று. மூன்று மிஞ்சியது.

அவர் சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“ஒண்ணு பொறுத்தா என்னவாக்கும்?” என்றார். குரல் உயரவில்லை. “எதிர்த்தாப்பல ஒருத்தன் இருக்கேன் இல்லியா? எங்கிட்டயும் சீட்டு உண்டு. என்னையும் ஒரு வார்த்த பேச விடப்பிடாதா?”

அவர் சீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது பெஞ்சில் குணுக்கோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குக் கூடப் புரிந்தது. எனக்குக் காது சுட்டது. வழக்கமாக இப்படி யாராவது சொன்னால் நான் சீட்டை விசிறி எறிந்துவிட்டு எழுந்துவிடுவேன். அன்று எழவில்லை. பந்தல்காரனையும் சமையல்காரனையும் பார்த்துப் பேசிவிட்டு, தங்கை கல்யாணத்தைத் தான் நடத்தப்போகிறோம் என்று நம்பி வீடு திரும்பிய ஒரு மனிதனை நான் அப்போதுதான் முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

“எலே மக்கா, போட்டும், போட்டும்” என்று கோட்டுகால் அண்ணன்காரர் சமாதானம் சொன்னார். “சீட்டப் பிரிங்க.”

அடுத்த மூன்று கையில் ஒன்று வந்தது, ஒன்று போனது, மூன்றாவது கை சீட்டு கொடுத்ததில் தப்பு வந்து செல்லாமல் போயிற்று. கையிருப்பு மூன்றாகவே நின்றது. மறுபடியும் என் முறை வந்தது.

நான்கு சீட்டை விரித்தேன். இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் ஆஸ், ஒரு கிளாவர் ராஜா, ஒரு டைமன் எட்டு. அதே சனியன். என் நாக்கின் நுனியில் பதினெட்டு வந்து உட்கார்ந்தது. பழகிய வார்த்தை, தானாக வெளியே வரப் பார்த்தது. நான் அளியனைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஜாடை என்பார்கள். பந்தல் கம்பில் தொங்கிய குலையைப் பார்த்தேன்.

“பதினாலு” என்றேன்.

பெஞ்சில் யாரோ இருமினார்கள். தம்பிக்காரன் நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்தான். இவன் பதினாலு கேட்கிற ஆள் இல்லையே என்ற யோசனை அவன் முகத்தில் தெரிந்தது. கடைசியில் பாஸ் சொன்னான். அடுத்து அளியன். அவர் சீட்டை ஒரு தடவை மூடினார், விரித்தார்.

“இருபது.”

கையில் மூன்று சீட்டு இருக்கும்போது இருபது கேட்பது, தோற்றால் எல்லாம் போகும் என்று தெரிந்து கேட்பது. எப்போதும் கணக்கோடு ஆடுகிற மனிதர். என்னை நம்பிக் கேட்டிருக்கிறார். அந்தக் கணத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. எதிர் அண்ணன்காரர் பாஸ் சொன்னார், நானும் சொன்னேன். அளியன் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

துருப்பு இஸ்பேட்தான். குலானும் பத்தும் அவரிடம், ஒன்பதும் ஆசும் என்னிடம். ஆட்டின் முழுவதும் எங்களுக்கு வந்தது. டைமனிலும் ஒன்பது, ஆஸ், பத்து என்று அள்ளினோம். கிளாவரில் பத்து எங்களுக்கு வந்தது, ஒரு பிடி மட்டும் தவறியது. தம்பிக்காரன் குலானை இறக்கினான், அண்ணன் அதன்மேல் ஒன்பதைச் சேர்த்தார், அளியனிடம் ஆஸைத் தவிர வேறு கிளாவர் இல்லாததால் அதையும் போட வேண்டியதாயிற்று. ஆறு புள்ளி அங்கே. பரவாயில்லை என்று நினைத்தேன். கடைசிப் பிடி வந்தபோது எங்களிடம் பத்தொன்பது இருந்தது. இன்னும் ஒன்று போதும்.

அளியன் கையில் மிஞ்சியிருந்தது டைமன் ஏழு. அதை இறக்கினார். கோட்டுகால் அண்ணன்காரர் அவசரமே இல்லாமல், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், டைமன் குலானை எடுத்து வைத்தார். ஆட்டம் முழுக்க அந்தக் குலானை மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்திருக்கிறார்.

செயலாளர் எங்கள் பிடிகளைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் பத்தொன்பதுதான். சகோதரர்கள் எழுந்து எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “நல்ல கேள்வியாக்கும் கேட்டது. அந்தக் குலான் மட்டும் வேற கையில இருந்திருந்தா குலை ஒங்களுக்கு” என்றார் அண்ணன்காரர். குலையை இறக்கித் தம்பியின் தோளில் வைத்தார்கள்.

பிறகு எங்கள் காதில் குணுக்கைக் கட்டினார்கள். அளியன் தலையைச் சாய்த்துக் காட்டினார், டாக்டரிடம் காட்டுவதுபோல. தோற்றது அவர் கேட்ட கேள்வியில். என்னைத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அவரைத் திட்டுவதற்கும் இல்லை. இப்படி இரண்டு பேர் சேர்ந்து தோற்பது எனக்குப் புதிதாகவும் சுகமாகவும் இருந்தது.

மணி ஐந்து இருக்கும். அவர் சாலையோரம் போய் நின்றார். நெய்யாற்றின்கரை பஸ் வந்தது. டிரைவர், கண்டக்டர், பாதிப் பயணிகள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி அவர் காதைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டான். அவர் கையை ஆட்டி, நான் வரவில்லை, போ என்று காட்டினார். பஸ் போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒங்க வீடு இங்க பக்கந்தானே?”

“பத்து நிமிசம் நடக்கணும்.”

“அவ வீட்டுல உண்டா?”

“உண்டு.”

நடந்தோம். முன்னால் நான், பின்னால் அவர். எங்கள் காதுகளில் குரும்பைகள் ஆடின. எதிரே வந்த ஒரு பெண், தலையில் இருந்த புல்லுக்கட்டோடு நின்று சிரித்தாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் வழி திரும்பிய பிறகு பார்க்க ஒருவரும் இல்லை. அவர் நினைத்திருந்தால் அங்கேயே நாரை அறுத்து எறிந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் அவருக்குத் தெரியும். அவர் அவிழ்க்கவில்லை.

பாதி வழியில் அவரே பேசினார். “பதினாலுன்னு நிறுத்தினியளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, கையில ஏதோ உண்டுன்னு.”

“எப்படி?”

“ஒண்ணும் இல்லாம இருந்தா நீங்க பதினெட்டு கேட்டிருப்பியளே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் மூக்கோடு நிறுத்திக்கொண்டார். சிரித்த சூட்டோடு சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். “சித்திர வரைக்கும் நான் பொறுத்திருக்கணும். தப்பு என்னுதாக்கும்.” அவர் ஒரு ரப்பர் இலையை மிதித்து நின்று, செருப்பைச் சரிசெய்துகொண்டு, திரும்பவும் நடந்தார்.

என் மனைவி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்றது. எடுத்த துணியெல்லாம் தரையில் விழுந்தது.

“அவுத்து விடு” என்றார் அவர். தங்கையிடம் பதினாலு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார், அவள் குனிய வேண்டாம் என்று. அவள் முடிச்சை நகத்தால் நெருடினாள். வாழைநார் இறுகியிருந்தது. “கட்டெறும்பு கடிச்சுப் போட்டு, காது செவந்து கெடக்கு. ஒரு சொல்லு சொல்லப்பிடாதா?” என்று அவரைத் திட்டினாள். திட்டும்போதே அவள் கண்ணிலிருந்து அவர் தோளில் நீர் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. முடிச்சு அவிழ்வதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று, இருவரும் அவசரப்படவில்லை.

நான் என் காதைக் காட்டினேன். “நீங்க நில்லுங்க” என்றுவிட்டு அவள் உள்ளே போய், முந்தின நாள் மிஞ்சிய பாயசத்தைச் சூடாக்கி அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அடுத்த மாசம் வயறு காண எத்தன பேரு வரலாம்?”

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் பேச வேண்டியது வீட்டுக்காரன்தான். ஐம்பது பேர் வரட்டும், ஊரே பார்க்கட்டும் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. வீட்டில் இருந்தது ஒரே அறை, ஒரு நாற்காலி. நான் கொஞ்சம் பொறுத்தேன்.

“பதினாலு” என்றேன்.

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இருபது.”

“பாஸ்” என்றேன் நான். அதன்பிறகுதான் அவள் வந்து என் காதிலிருந்த குணுக்கை அவிழ்த்தாள்.